பதுளைத் தூண் சாசனமும் ஆய்விதழ்களின் அறமும்

பதுளை நகரிலே, சேனரத் பரணவிதானவின் பெயர் தாங்கிய பொது நூலக வளாகத்தில் ஒரு கற்றூண் நிற்கின்றது. மகியங்கனையை அடுத்த சொரபொர வாவிப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய அதிகாரிகளால் இங்கு கொண்டுவரப்பட்ட தூண் அது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் சிங்களச் சாசனம் ஹோபிட்டிகம என்னும் சந்தையைப் பற்றியது. மகியங்கனை விகாரைக்கு வந்த மன்னனிடம், அதிகாரிகள் முறைகேடாக வரி அறவிடுகின்றனர் என அச்சந்தையின் வணிகரும் குடிகளும் முறையிட்டனர். மன்னன் விதிகள் வகுத்துக் கல்லிற் பொறிப்பித்தான். பொருள்களை நிறுப்பதில் இருவகை அளவைகள் கையாளப்படலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று.

இலங்கையின் பண்டைய வணிக வரலாற்றை ஆராய்வோர் எவரும் இச்சாசனத்தைத் தவிர்த்துச் செல்ல இயலாது. ஆயினும் ஈண்டு நோக்கற்பாலது அதன் உள்ளடக்கமன்று. அது பதிப்பிக்கப்பட்ட முறையாகும். 1928 முதல் 1933 வரை வெளிவந்த 'எபிகிராபியா செய்லனிக்கா' மூன்றாம் தொகுதியில் பரணவிதான இதனை முதலிற் பதிப்பித்தார். பின்னர் அதே வெளியீட்டின் ஐந்தாம் தொகுதியிலே திருத்திய பதிப்பொன்றையும் அவரே தந்தார். தாம் அச்சிட்டதைத் தாமே மீள வாசித்து, முன்னைய வாசகம் வெளிவந்த ஏட்டிலேயே புதிய வாசகத்தையும் வைத்தார். கல் எல்லோர் கண்ணெதிரிலும் நின்றது. இரு வாசகங்களும் அச்சில் இருந்தன. ஐயமுடையோர் சென்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆய்விதழ் ஒன்றிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மை இதனினும் பெரிதன்று. பதுளை நூலகம் அவர் பெயரைத் தாங்குவது பொருத்தமே எனலாம்.

இவ்வறிஞரின் இறுதிக்கால எழுத்துக்களே இலங்கை வரலாற்றுத் துறையைப் பெருஞ் சங்கடத்தில் ஆழ்த்தின. 1940 முதல் 1956 வரை தொல்பொருள் ஆணையாளராகவும், அதன்பின் பேராதனையிற் பேராசிரியராகவும் விளங்கிய பரணவிதான, பழைய கல்வெட்டுக்களின் வரிகளுக்கிடையே 15ஆம் நூற்றாண்டில் மிகச் சிறிய எழுத்துக்களிற் பொறிக்கப்பட்ட வடமொழி வாசகங்களைத் தாம் கண்டதாக 1960களின் நடுப்பகுதியில் அறிவித்தார். மறைந்துபோன வரலாற்று நூல்களின் பகுதிகள் அவற்றிற் காணப்படுவதாகவும் கூறினார். 1966இல் வெளிவந்த 'இலங்கையும் மலேசியாவும்' என்னும் பொருள்பட்ட ஆங்கில நூல் இச்சான்றுகளைப் பெரிதும் சார்ந்தது. பொலனறுவையை ஆண்ட கலிங்க வம்சத்தவர் ஒரிசாக் கலிங்கத்திலிருந்தன்றி மலாய் உலகிலிருந்தே வந்தனர் என்பது அவரது கொள்கை. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளையும் அவர் அவ்வுலகோடு இணைத்தார். ஆயின் அவ்வெழுத்துக்கள் அவர் கண்ணுக்கன்றிப் பிறர் கண்ணுக்குப் புலனாகவில்லை.

இத்தகைய நிலையில் ஓர் ஆய்விதழ் செய்யக்கூடியது யாது? மூத்த அறிஞரின் புகழுக்கு அஞ்சி வாளாவிருப்பது எளிது. இலங்கையின் இதழ்கள் அவ்வாறு இருந்துவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கலிங்கர் பற்றிய பரணவிதானவின் கருத்துக்கள் றோயல் ஆசியச் சங்க இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் 1960இல் வெளிவந்தபோது, அதற்கு மறுப்பாக நீலகண்ட சாஸ்திரி எழுதிய கட்டுரைக்கு அதே சஞ்சிகை 1962இல் இடமளித்தது. வரிகளுக்கிடை வாசகங்களை அடிப்படையாகக் கொண்ட நூல் வெளிவந்த மறு ஆண்டிலேயே, 1967இல், 'இலங்கைப் பல்கலைக்கழக றிவியூ' என்னும் ஆய்விதழ் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தனவின் நீண்ட விமரிசனத்தை வெளியிட்டது. எழுதியவர் பேராதனையின் இளம் விரிவுரையாளர். விமரிசிக்கப்பட்டவரோ அதே வளாகத்தின் பேராசிரியராயிருந்து நாடெங்கும் போற்றப்பட்டவர். அதே காலத்தில் கா. இந்திரபாலாவும் றோயல் ஆசியச் சங்கச் சஞ்சிகையில் அந்நூலை மதிப்புரை செய்தார். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். சான்றைக் காட்டுக என்பதே இருவரது கோரிக்கையின் சாரமும் ஆகும்.

இதனால் அவ்வெழுத்துக்கள் நின்றுவிட்டன என்று கருதலாகாது. 1971இல் கிரேக்கரும் மோரியரும் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1972இல் அவர் மறைந்தார். ஆய்விதழின் வாயிலில் நிறுத்தப்பட்டது நூலின் வாயிலாக உட்புகுந்தது எனலாம். நூலைப் படித்த பொதுவாசகர் எத்தனை பேர் பல்கலைக்கழக இதழைத் தேடிப் படித்திருப்பர்? அவ்வாசகங்களை வடமொழியில் அமைந்த வரலாற்றுப் புனைகதையாகக் கொண்டு ஆனந்த குருகே கட்டுரை எழுதியது 1996இல் ஆகும். 1960களிலே தொடங்கிய வழக்கு ஆசிரியர் மறைந்து 24 ஆண்டுகளின் பின்னரும் முடிந்தபாடில்லை.

இதனைச் சிங்கள வரலாற்றாசிரியரின் குறையாக மட்டும் எடுத்துக்கொண்டு மகிழ்வோமாயின், ஹோபிட்டிகமச் சந்தையில் விலக்கப்பட்ட இருவகை அளவைகளை நாமே கையாண்டவராவோம். பதுளைத் தூணைச் சூழவுள்ள பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைத் தோட்டங்களின் மக்கள் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1840களிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருள் 70,000 பேர், அதாவது நூற்றுக்கு 25 பேர், மாண்டனர் என்னும் கூற்று மலையகம் பற்றிய எழுத்துக்களில் மீண்டும் மீண்டும் வருகின்றது. 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை செய்த மதிப்பீடு அது. தலை எண்ணிப் பெற்ற தொகையன்று. வழியில் இறந்தோரின் துயரம் மறுக்கற்பாலதன்று. ஆயினும் மதிப்பீட்டை மதிப்பீடென்று கூறாது கணக்கென்று அச்சிடும் இதழ், நமக்கு உவப்பானது என்பதற்காகச் சோதனையைத் தளர்த்திவிடுகின்றது. தோட்டத்துப் பழைய செக்ரோல் ஒன்றைக் கண்டவர் எத்தோட்டம், எவ்வாண்டு என்று குறியாமல் 'பழைய பதிவு' என்று மட்டும் எழுதுவதும், அதனை ஆசிரியர் குழு அவ்வாறே அச்சேற்றுவதும் நம் மத்தியில் இல்லாதவையல்ல. அடுத்து வரும் மாணவர் அப்பதிவை எங்கே சென்று தேடுவது?

உவப்பற்ற முடிபைத் தாங்குவது இதனினும் கடினம். இந்திரபாலா 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு, இலங்கையில் பரந்த தமிழ்க் குடியேற்றங்கள் ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டுக்கு முன்னர் இருந்தமைக்குப் போதிய சான்றில்லை என்றது. தமிழர் பலருக்கு அது கசந்தது. தமிழரின் தொன்மையை மறுக்க விரும்பியோர்க்கோ கருவியாயிற்று. பின்னைய தொல்லியற் சான்றுகள் பெருகியபோது அவர் தம் பழைய முடிபுகளைக் கட்டிக்காக்க முயலவில்லை. 2005இல் ஆங்கிலத்திலும் அடுத்து 'இலங்கையில் தமிழர்' என்னும் தலைப்பில் தமிழிலும் வெளிவந்த நூலில் அவற்றுட் பலவற்றைக் கைவிட்டு எழுதினார். பழைய ஆய்வேட்டை மட்டும் எடுத்துக்காட்டுவோர் இன்றும் உளர். பதுளைச் சாசனத்துக்கு மூன்றாம் தொகுதியை மட்டும் புரட்டி, ஐந்தாம் தொகுதியைத் திறவாது விடுவோரும் அவ்வாறே உளர்.