எஞ்சி நிற்பது எது?

சென்ற கோடை விடுமுறையில் நம் குடியிருப்புக் குழந்தைகள் சிலரை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்குச் சென்றிருந்தோம். உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் ஆட்சியில், 1857ஆம் ஆண்டில் பொருட்காட்சிசாலையும், 1859ஆம் ஆண்டில் மிருகக்காட்சிசாலையும் இந்நகரில் தோன்றின. அங்கே பாம்புகள் வைத்திருக்கும் கூடத்தில், வாலருகே தலைவைத்து வளையம்போற் சுருண்டு கிடந்த ஒரு பாம்பைக் கண்ட சிறுமி ஒருத்தி, "மாமா, இது தன் வாலிலிருந்து தன்னையே விழுங்கத் தொடங்கினால் கடைசியில் என்ன மிஞ்சும்?" என்று வினவினாள். உடன் வந்தோர் நகைத்தனர். நமக்கோ நகைப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. பின்னர் ஆராய்ந்து அறிந்ததை அவளுக்கும் அன்பர்களுக்கும் இம்மலர் வாயிலாகச் சொல்ல விழைகின்றோம்.

குழந்தையின் வினா சிறிதாயினும் அதன் வயது பெரிது. எகிப்து நாட்டு மன்னன் தூத்தங்காமன் இறந்து ஏறத்தாழ 3,300 ஆண்டுகள் ஆகின்றன. 1922ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பெற்ற அவன் கல்லறையில், பொன் வேய்ந்த பேழையொன்றின்மேல் தன் வாலைத் தானே கவ்விய பாம்பின் வடிவம் பொறிக்கப்பெற்றுள்ளது. கிரேக்கர் அதனை 'வால் தின்னி' என்னும் பொருள்படப் பெயரிட்டு அழைத்தனர். தொடக்கமும் முடிவும் ஒன்றாகும் காலவட்டத்திற்கு அஃது அடையாளமாயிற்று. அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. 1875இல் நியூயார்க்கில் தோன்றி, 1882இல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் முத்திரையிலும் இப்பாம்பைக் காணலாம். வேதியியல் அறிஞர் கெக்குலே பென்சீனின் வளைய அமைப்பை 1865இல் வெளியிட்டார். தன் வாலைக் கவ்விய பாம்பொன்றைக் கனவு மயக்கத்திற் கண்டதே அதற்குத் தூண்டுகோல் என்று 1890இல் பெர்லினில் நடந்த பாராட்டு விழாவில் அவரே உரைத்தார்.

இவையெல்லாம் ஓவியமும் கனவும் ஆம். உயிருள்ள பாம்பு யாது செய்யும்? பாம்பின் கீழ்த்தாடை இரு பாதிகளாலாயது. அவை எலும்பாக ஒட்டிப்போகாமல், நெகிழும் நாரினாற் பிணைக்கப்பட்டவை. ஆகவேதான் தன் தலையினும் பருத்த இரையை அஃது உட்கொள்ள வல்லதாகின்றது. பற்களோ உள்நோக்கி வளைந்தவை. பற்றியதை உள்ளே செலுத்துவது எளிது, வெளியே விடுவது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் ராஜநாகம், மலையாளத்தார் ராஜவெம்பாலை என்று கூறுவது, பிற பாம்புகளையே பெரிதும் உண்டு வாழ்வது. பாம்பைப் பாம்பு விழுங்குவது இயற்கையே என்பது இதனால் விளங்கும்.

ஆனால் தன்னைத் தானே விழுங்குவது இயற்கையன்று. கூண்டில் அடைபட்ட பாம்புகளிற் சில, வெப்பம் மிகுந்தோ நிலைகலங்கியோ, தன் வாலை இரையென மயங்கிக் கவ்வியதுண்டு. எனினும் முழுமையாக விழுங்குதல் ஒருபோதும் கூடாது. உள்ளே செல்லச் செல்ல வளையம் குறுகும். முதுகெலும்பு வளைவதற்கும் ஓர் எல்லையுண்டு. எல்லாவற்றையும் விழுங்கினாலும் விழுங்குகின்ற வாய் தனக்குள்ளே புகுவது எங்ஙனம்? தக்க வேளையில் எவரேனும் விடுவியாவிடின், அப்பாம்பு புண்பட்டு மாளவும் கூடும். மனிதன் நித்தியத்திற்கு அடையாளமாக வரைந்தது பாம்பிற்கு மரணமாக முடிகின்றது!

இனி, நாம் வாழும் இந்நகரின் பாம்பைக் காண்போம். அனந்தன் பெயரால் அமைந்த ஊரன்றோ இது! நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடிய பதி. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. மூன்று வாயில்களின் வழியே நாம் தரிசிக்கும் பத்மநாபப் பெருமான் அனந்தன்மேல் அறிதுயில் கொள்கின்றான். 'அனந்தம்' என்றால் முடிவின்மை. ஆயினும் அந்த அனந்தன் தன் வாலைத் தான் கவ்வவில்லை. உடலைச் சுருட்டிப் படுக்கையாக்கி, படத்தை விரித்துக் குடையாக்கி, பிறிதொருவரைத் தாங்குகின்றான். அவனுக்கு மற்றொரு பெயர் சேஷன். சேஷம் என்பதற்கு மிச்சம் என்பது பொருள். பிரளயத்தில் யாவும் ஒடுங்கிய பின்னும் எஞ்சுபவன் அவன் என்பர்.

இந்நகரின் வரலாற்றிலும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கதொரு செய்தி உண்டு. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மா, கொல்லம், காயங்குளம் முதலிய அண்டை நாடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தன் ஆட்சியில் அடக்கினார். அவ்வாறு பெருகிய நாட்டை 1750ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3ஆம் நாள் பத்மநாபனுக்கே அர்ப்பணித்து, பத்மநாபதாசர் என்னும் பெயருடன் அரசாண்டார். அச்செயலின் அரசியல் நோக்கத்தை ஆராய்வார் ஆராய்க. விழுங்கியதைத் தனதென்று கொள்ளாமல், தன்னினும் பெரியதொன்றைத் தாங்குபவனாகத் தன்னை நிறுத்திக்கொண்டார் என்பதே நாம் இங்குக் கருதுவது.

வேற்றுமொழி வழங்கும் நாட்டில் வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் மக்கள் தமிழ் எழுதப் படிக்க அறியாது வளர்வரோ, இவ்வூர் நம்மை விழுங்கிவிடுமோ என்று அஞ்சுகின்றோம். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் அதற்கஞ்சி, நம்மவரோடு நம்மவரே பேசி, நமக்குள்ளேயே பதவிக்கும் முதன்மைக்கும் பூசலிட்டு வட்டமாகச் சுருண்டுவிட்டால், பிறர் நம்மை விழுங்க வேண்டுவதில்லை. அவ்வேலையை நாமே முடித்துவிடுவோம். ஒரு குழந்தைக்கு அகரம் கற்பித்தலும், புதிதாய் வந்த குடும்பத்திற்கு வீடு தேடித் தருதலும், மலையாள அண்டை வீட்டாரின் துன்பத்தில் தோள் கொடுத்தலும் தாங்குதலே ஆகும்.

ஆகவே, குழந்தாய், உன் வினாவிற்கு எம் விடை இது: தன்னைத் தின்னத் தொடங்கிய பாம்பு மிஞ்சுவதில்லை. பிறரைத் தாங்கிய பாம்பிற்குத்தான் நம் முன்னோர் 'மிச்சம்' என்று பெயரிட்டனர்.