முல்லோயாவின் தோட்டா
மலையகம்: வழக்கும் வரலாறும் – 7

போன வாரம், கடனைக் காட்டித் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிவைத்த துண்டு முறையில் நிறுத்தியிருந்தோம். 1921இல் துண்டு ஒழிந்தது. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் தள்ளிய பழைய சட்டமும் அந்தக் காலத்தோடு பல்லிழந்தது. பொன்னம்பலம் அருணாசலமும் பெரி. சுந்தரமும் போராடி வாங்கிக்கொடுத்தது அது. 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது அதே பெரி. சுந்தரம் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போய், தொழில் அமைச்சரும் ஆனார்.

ஆனால் நீதவான் நீதிமன்றத்தில் நம் ஆள் நிற்கும் இடம் மாறவில்லை. குற்றவாளிக் கூண்டுதான். எதிரே நின்று வழக்கை நடத்தியது பொலிஸ். தோட்ட நிர்வாகியான துரை முறைப்பாடு செய்வார், பொலிஸ் பிடிக்கும், அந்தப் பொலிஸே வழக்குத் தொடுநராக நின்று பேசும். லயத்துக்காரனின் சாட்சியைக் கேட்க ஆளில்லை.

இந்த வரிசை ஒரு முறை தலைகீழானது. அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

1940 ஜனவரி 10. ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டம். கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கி நான்கு மாதங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாத தோட்டத்துக்குப் பொலிஸ் வந்தது. துப்பாக்கி வெடித்தது. கோவிந்தன் என்ற தொழிலாளி செத்து விழுந்தார்.

மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவர் பெயரைத்தான் இன்றும் சொல்கிறோம். அந்தப் பெயரைத் தவிர அவரைப் பற்றி எழுதிவைக்கப்பட்டது மிகக் குறைவு. அவரைச் சுட்ட பொலிஸைப் பற்றியும், அதனால் ஆட்டங்கண்ட அமைச்சர்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருக்கிறது. இதை எழுதும்போது என் மனம் ஆறவில்லை.

இந்தச் சாவை இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சி விடவில்லை. கட்சி தொடங்கி நான்கு ஆண்டுகள்தான். என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் 1936 முதல் அரசாங்க சபையில் இருந்தார்கள். சபைக்கு உள்ளும் வெளியிலும் எழுந்த கூச்சலில் விசாரணை ஆணைக்குழு ஒன்றை நியமிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக எழுந்து நின்றவர் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. பலப்பிட்டியில் பிறந்தவர், பிரித்தானியர் ஆட்சியில் இலங்கை என்பதையே ஆராய்ந்து லண்டனில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர், சமசமாஜக் கட்சியின் முதல் தலைவர். தமிழ்க் கூலிக்காரப் பெண்ணொருத்திக்காகத் தென்பகுதிச் சிங்கள அறிவாளி ஒருவர் பொலிஸாரைக் கேள்வி கேட்கிறார். நீதிமன்றங்களில் கேள்வி கேட்டே பழகியவர்கள் இப்போது பதில் சொல்ல வேண்டும். பெயரளவில் அது விசாரணைதான். ஆனால் அந்த மண்டபத்தில் குற்றஞ்சாட்டும் தரப்பு யார் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. தோட்ட நிர்வாகத்துக்கும் பொலிஸுக்கும் இருந்த நெருக்கம் பகிரங்கமாக அலசப்பட்டது.

இதற்குள் கொழும்பில் இன்னொரு தீ பற்றியது. முல்லோயா வேலைநிறுத்தத்தை ஒட்டித் தொழிலாளர்கள் மீதும் வழக்குகள் இருந்தன. பொலிஸின் நடத்தையையே ஆணைக்குழு விசாரித்துக்கொண்டிருக்க, அதே பொலிஸ் தொழிலாளர்கள் மீது வழக்கு நடத்துவது எந்த நியாயம்? வழக்குகளைத் தள்ளிவைக்கக் கேட்கும்படி உள்நாட்டு விவகார அமைச்சர் சேர் பாரொன் ஜயதிலக்க பொலிஸ் மா அதிபர் பாங்ஸுக்குச் சொன்னார். பாங்ஸ் இணங்கவில்லை. தேசாதிபதி கால்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார்.

மக்கள் தெரிந்தெடுத்த அமைச்சர் சொல்லைப் பொலிஸ் கேட்க வேண்டுமா, இல்லையா? வழக்குத் தொடுக்கும் கை யாருக்குக் கட்டுப்பட்டது? அப்போது நடைமுறையில் இருந்த டொனமூர் அரசியல் யாப்பு நிதியையும் சட்டத்தையும் வெள்ளை அதிகாரிகளிடமே விட்டிருந்தது. பொலிஸைப் பெயருக்கு அமைச்சரிடம் கொடுத்திருந்தது. அந்தப் பெயர் எவ்வளவு மெலிந்தது என்பது அன்று அம்பலமானது. பெப்ரவரியில் அமைச்சர்கள் பதவி விலகினார்கள். தோட்டத்து வேலைநிறுத்தம் ஒன்று நாட்டின் அமைச்சர் குழுவையே எழுந்து போகவைத்தது.

பிறகு சமரசம் பேசி அவர்கள் ஆசனங்களுக்குத் திரும்பினார்கள். அமைச்சர்களின் கோபம் நேர்மையானதாகவே இருக்கட்டும். அது தங்கள் அதிகாரத்தைப் பற்றிய கோபம். கோவிந்தனைப் பற்றியது அல்ல. அடுத்த எட்டே ஆண்டுகளில், இதே அரசியல்வாதிகளில் முன்னணியில் இருந்த டி.எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் கோவிந்தனின் மக்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. இந்தத் தொடரின் பிற்பகுதி முழுவதும் அந்தக் கதைதான்.

மலையில் மட்டும் சமரசம் இல்லை. வேலைநிறுத்தம் ஊவாவுக்குப் பரவியது. மே மாதம் பதுளைப் பக்கத்து வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே வேலை நடக்கும் என்று துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸாரிடமிருந்து ஆயுதங்களையே பறித்தார்கள். கொழுந்துக் கூடை சுமந்த கைகள் அவை. துரைமார் சங்கத்துக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது.

அரசாங்கம் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. யுத்தகாலப் பாதுகாப்பு விதிகள் கையில் இருந்தன. அவற்றின்படி ஒருவரை அடைக்கக் குற்றப்பத்திரம் வேண்டாம், சாட்சி வேண்டாம், நீதவான் வேண்டாம்.

1940 ஜூன் 18. என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, எட்மண்ட் சமரக்கொடி மூவரும் கைதானார்கள். தொடர்ந்து கொல்வினும் பிடிபட்டார். பொலிஸாரைக் கூண்டில் ஏற்றிய சட்டத்தரணிக்கு ஒரு வழக்குக்கூட வைக்கப்படவில்லை. கடைசியில் நால்வரும் கண்டிச் சிறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

சிறைவாசம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 7 இரவு, அந்தச் சிறையின் கதவு உள்ளிருந்து திறந்தது. திறந்தவர் சிறைக் காவலர்.

(அடுத்த வாரம் தொடரும்)