வீட்டு இசை வழங்கியில் மிகையான செயலிப் பயன்பாடு

வீட்டு இசை வழங்கி என்பது ஒரு கணினியில் உள்ள இசைக் கோப்புகளை வீட்டு வலையமைப்பின் வழியாகப் பல இசைப்பான்களுக்கு அனுப்பும் மென்பொருள் ஆகும். இம்மென்பொருள் கணினிச் செயலியின் திறனை வழக்கத்தைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்வது மிகையான செயலிப் பயன்பாடு எனப்படும். இதனால் பாடல் விட்டுவிட்டு ஒலித்தல், கட்டளைகள் தாமதமாக நிறைவேறுதல், கணினி சூடாதல் ஆகியன ஏற்படலாம். இக்கட்டுரை லைரியன் மியூசிக் சர்வர் என்னும் கட்டற்ற மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

வரலாறு

அமெரிக்காவின் சிலிம் டிவைசஸ் நிறுவனம் தனது வலையமைப்பு இசைப்பான்களுக்காக இம்மென்பொருளைப் பேர்ள் நிரல்மொழியில் உருவாக்கியது. 2006இல் அந்நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. 2012இல் ஸ்குவீஸ்பாக்ஸ் இசைப்பான்களின் விற்பனை நிறுத்தப்பட்டபோதும் மென்பொருளின் வளர்ச்சி தொடர்ந்தது. 2024இல் இது லைரியன் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

கண்டறிதல்

லினக்சு இயங்குதளத்தில் "டாப்" என்னும் கட்டளை ஒவ்வொரு நிரலும் எடுத்துக்கொள்ளும் செயலித்திறனைக் காட்டும். இதன் இயல்பான காட்சியில் 100% என்பது ஒரு கருவின் முழுத்திறனைக் குறிக்கும். நான்கு கருக்கள் கொண்ட செயலியில் மொத்தம் 400% ஆகும். வழங்கியின் முதன்மை நிரல் பெரும்பாலும் ஒரு கருவையே பயன்படுத்துவதால், பிற கருக்கள் ஓய்வாக இருந்தாலும் பாடல் தடைபடலாம். எனவே மொத்த அளவைவிட, எந்த நிரல் முன்னிற்கிறது என்பதையே முதலில் காண வேண்டும்.

காரணங்களும் தீர்வுகளும்

வருடல்: ஸ்கேனர் என்னும் துணைநிரல் கோப்புகளின் விவரங்களைப் படித்துத் தரவுத்தளத்தில் சேர்க்கிறது, உறைப்படங்களின் அளவையும் மாற்றுகிறது. இவ்வேளையில் பயன்பாடு உயர்வது இயல்பே. வேலை முடிந்ததும் குறைந்துவிடும். ஒரே கோப்பில் நெடுநேரம் நின்றால் அக்கோப்பு பழுதடைந்திருக்கலாம். அதனை வேறிடத்திற்கு நகர்த்திவிட்டு மீண்டும் வருட வேண்டும்.

வடிவ மாற்றம்: இசைப்பானுக்கு ஏற்காத வடிவிலுள்ள கோப்பு வழங்கியிலேயே மாற்றப்படுகிறது. அப்போது பிளாக், சாக்ஸ், லேம் ஆகிய நிரல்கள் பட்டியலில் தோன்றும். பிளாக் கோப்பை விரிப்பது எளிய பணி. எம்பி3 ஆகச் சுருக்குவது அதைவிடக் கடினமானது. இசைப்பானின் அமைப்புகளில் பிட்டு வீத வரம்பு இடப்பட்டிருந்தால், அதனை நீக்குவது இச்சுமையைத் தவிர்க்கும்.

முதன்மை நிரல்: பாடலோ வருடலோ இல்லாதபோதும் முதன்மை நிரல் உயர்ந்தே இருந்தால், செருகுநிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, வழங்கியை மீளத் தொடங்கிப் பார்க்க வேண்டும். பிழையறிதலுக்காகக் கூட்டப்பட்ட பதிவேட்டு அளவையும் பழைய நிலைக்குக் கொணர வேண்டும்.

வெப்பத்தின் தாக்கம்

ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள் 80 பாகை செல்சியசை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. வேகம் குறைந்தால் அதே வேலைக்குக் கூடுதல் விழுக்காடு தேவைப்படும். அந்நிலையில் மென்பொருளில் குறை இல்லாமலேயே அளவு உயர்ந்து தோன்றும். கோடையில் வெப்பம் மிகும் புதுச்சேரியின் லாஸ்பேட்டை போன்ற இடங்களில், மூடிய அலமாரிக்குள் வைத்த கணினியைக் காற்றோட்டமான இடத்திற்கு மாற்றுவதும் வெப்பக்கடத்தி பொருத்துவதும் நல்ல தீர்வாகும். அமைப்புகளை மாற்றும் முன் வெப்பநிலையைச் சரிபார்ப்பது வீண் முயற்சியைத் தவிர்க்கும்.