நிரலகச் சார்புச் சிக்கல்

நிரலகச் சார்புச் சிக்கல் என்பது, ஒரு மென்பொருளுக்குத் தேவையான நிரலகம் கணினியில் இல்லாததாலோ, அதன் பதிப்பு பொருந்தாததாலோ, நிரலைத் தொகுத்து இணைக்கும் பில்ட் அமைப்பு அதைத் தவறான இடத்தில் தேடுவதாலோ எழும் கோளாறு. மூலநிரலில் பிழையே இல்லாதபோதும் இது தலைகாட்டும்.

வரலாறு

பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் மேக் என்ற கருவியை உருவாக்கினார். ஏற்கெனவே திருத்திவிட்ட நிரலை மறுபடி தொகுக்காமல், அதில் பிழை தேடியே ஒரு காலைப்பொழுதைத் தொலைத்த சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சனின் புலம்பல்தான் அதற்குத் தூண்டுதல். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதிவைத்துவிட்டால், மாறியதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் மேக் மீண்டும் தொகுக்கும். ஃபெல்ட்மனுக்கு இதற்காக 2003-இல் ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது. பின்னர் வந்த ஆட்டோகான்ஃப், சிமேக் போன்றவை, தேவையான நிரலகம் கணினியில் இருக்கிறதா என்பதையும் சோதிக்கின்றன.

கண்டறியும் முறை

சி, சி++ திட்டங்களில் கோளாறு எந்தக் கட்டத்தில் வந்தது என்று தெரிந்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

தொகுக்கும்போது ஹெடர் கோப்பு இல்லை என்று வந்தால், பெரும்பாலும் மேம்பாட்டுத் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று பொருள். உபுண்டுவில் இசட்லிப் நிரலகம் இருந்தாலும், அதன் ஹெடர் கோப்பு ‘டெவ்’ என்று முடியும் தனித் தொகுப்பில்தான் வரும். ஃபெடோராவில் அது ‘டெவல்’.

தொகுத்து முடிந்து, இணைக்கும்போது செயற்கூறு கிடைக்கவில்லை என்றால், லிங்கருக்கு நிரலகத்தின் பெயர் தரப்படவில்லை, அல்லது வரிசை தவறியிருக்கிறது. குனு லிங்கர் நிலை நிரலகங்களை இடமிருந்து வலமாகப் படிக்கும். ஆகவே பயன்படுத்தும் கோப்புக்குப் பின்னால்தான் நிரலகம் வரவேண்டும்.

இணைப்பும் முடிந்து, லினக்ஸில் இயக்கும்போது நின்றுவிட்டால், எல்டிடி கட்டளை எந்தப் பகிர்வு நிரலகம் கிடைக்கவில்லை என்று காட்டும்.

நிரலகத்தை நிறுவிய பிறகும் சிமேக் பழைய பிழையையே சொன்னால், அதன் தேக்ககக் கோப்பில் பழைய முடிவு தங்கியிருக்கலாம். பில்ட் அடைவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே தீர்வு. பிழைகள் பக்கம் பக்கமாக ஓடினாலும் முதல் பிழையைத்தான் முதலில் படிக்க வேண்டும். மற்றவை பெரும்பாலும் அதன் தொடர்விளைவுகளே.

பதிப்பு மோதல்

ஒரு திட்டம் பயன்படுத்தும் இரு நிரலகங்கள், மூன்றாவது நிரலகம் ஒன்றின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்பது வைரச் சார்பு எனப்படும். அனைத்துக்கும் பொருந்தும் பதிப்புகளைத் தேர்ந்தெடுப்பது பொதுவாக என்பி-முழுமை வகையைச் சேர்ந்த கடினமான கணக்கு. பொருட்பதிப்பு முறையில் மூன்று எண்களுள் முதலாவது மாறினால், பழைய நிரல்களுடன் பொருந்தாத மாற்றம் வந்திருக்கிறது என்று பொருள்.

பதிப்புகள் மோதாவிட்டாலும், சார்ந்திருக்கும் நிரலகமே மறைந்துபோனால் இதே சிக்கல் எழும். 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளுக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து 11 வரிகளே கொண்ட லெஃப்ட்-பேட் என்ற தொகுப்பு நீக்கப்பட்டது. அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்களின் பில்ட் உடைந்தது. அதன்பின் தொகுப்புகளை நீக்குவதற்கு என்பிஎம் கட்டுப்பாடு விதித்தது.

தடுப்பு

பதிப்புகளை உறுதிசெய்யும் பூட்டுக் கோப்பை மூலநிரலுடனேயே சேமிக்க வேண்டும். எதுவும் நிறுவப்படாத புதிய கணினியிலோ கண்டெய்னரிலோ அடிக்கடி பில்ட் செய்து பார்க்க வேண்டும். அங்கும் தடையின்றி முடிந்தால்தான் ஒரு திட்டத்தின் சார்புப் பட்டியல் முழுமையானது.