பேய்க்கதைக்குள் ஒரு கை எலும்பு முறிவு

நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

"தி ஷைனிங்" படத்தை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. ஸ்டான்லி குப்ரிக் எடுத்தது, 1980. கோடாரியால கதவைப் பிளந்துட்டு எட்டிப்பார்க்கிற ஜாக் நிக்கல்சன் முகம் யாருக்கும் மறக்காது. அதோட மூலம் ஸ்டீஃபன் கிங் 1977-ல் வெளியிட்ட நாவல்.

அந்த நாவல் பிறந்த கதை இது. 1974 அக்டோபர் கடைசி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எஸ்டெஸ் பார்க் என்ற மலை ஊர். அங்கே ஸ்டான்லி ஹோட்டல், குளிர்காலத்துக்காக மூடப்போற நேரம். கிங்கும் அவர் மனைவியும் 217-ஆம் அறையில தங்குறாங்க. வேற விருந்தினரே இல்லை. ராத்திரி கிங்குக்கு ஒரு கெட்ட கனவு. அவரோட 3 வயசு மகனை ஒரு தீயணைப்புக் குழாய் வராந்தா முழுக்கத் துரத்துது. பதறி எழுந்து ஒரு சிகரெட் பிடிச்சு முடிக்கிறதுக்குள்ள நாவலுக்கு உருவம் வந்துடுச்சு.

கதை தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். மாணவனை அடிச்சு வேலையை இழந்த ஆசிரியர் ஜாக். குடியை விட்டவர். பனி மூடும் ஓவர்லுக் ஹோட்டலுக்குக் குளிர்காலக் காவலாளியா குடும்பத்தோட போறார். மகன் டேனிக்கு 5 வயசு. அடுத்தவங்க மனசுல ஓடுறதும், வரப்போறதும் அவனுக்குத் தெரியும். அந்தச் சக்திக்குப் பேர்தான் "ஷைனிங்".

ஆனா பேய் வர்றதுக்கு முன்னாடியே இந்த வீட்டில ஒரு கொடுமை நடந்து முடிஞ்சிருக்கு. அப்பா குடிச்சிட்டிருந்த காலத்துல, அவர் காகிதங்கள் மேல குழந்தை பீரைக் கொட்டிடுறான். ஆத்திரத்துல ஜாக் பிடிச்சுத் திருப்புன வேகத்தில் கை எலும்பு முறிஞ்சிடுது.

பிறகு டேனிக்கு நினைவு தப்புற மாதிரி வரும்போது எட்மண்ட்ஸ் என்ற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. இ.இ.ஜி. எடுக்கிறார். நார்மல். குடி, கை முறிவு எல்லாம் அவர் காதுக்கு வருது. "கூர்மையான பையன், அப்பா அம்மா பிரிஞ்சிடுவாங்களோன்னு பயந்திருக்கான், சரியாயிடும்" என்கிற மாதிரி விளக்கம் சொல்லி அனுப்பிடறார். குடும்பம் திரும்ப அந்த ஹோட்டலுக்கே போகுது. எனக்கு நாவலில் ரொம்ப பயம் தந்த இடம் இதுதான்.

இங்கே கொஞ்சம் மருத்துவ வரலாறு. 1946-ல் ஜான் காஃபி என்ற குழந்தைகள் கதிரியக்க மருத்துவர், மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு இருந்த கைக்குழந்தைகளுக்குக் கை, கால் எலும்பு முறிவுகளும் இருப்பதைப் பதிவு செஞ்சார். காரணத்தை வெளிப்படையா சொல்ல மருத்துவ உலகத்துக்கு இன்னும் 16 வருஷம் ஆச்சு. 1962-ல் ஹென்றி கெம்ப்பும் சக மருத்துவர்களும் "அடிபட்ட குழந்தை நோய்க்குறித்தொகுப்பு" என்று பேர் வச்சுக் கட்டுரை வெளியிட்டாங்க. அடிச்சது பெத்தவங்களாவே இருக்கலாம்னு டாக்டர்கள் நம்பவே மறுக்கிறாங்கன்னு அதுல சொன்னாங்க. கெம்ப் வேலை பார்த்தது டென்வர். அதே கொலராடோ!

1974 ஜனவரியில் அமெரிக்காவில் குழந்தை வதைத் தடுப்புக்கு மத்திய சட்டம் வந்தது. அதே வருஷம் அக்டோபரில்தான் கிங் அந்த ஹோட்டலில் கனவு கண்டார்.

அப்போ கிங்கும் குடிக்கு அடிமை. எழுதும்போது தன்னைப் பத்தித்தான் எழுதுறோம்னே தெரியலைன்னு 2000-ல் வந்த தன் நூலில் ஒப்புக்கிட்டார். 1980-களின் பிற்பகுதியில் குடும்பமே தலையிட்டுத்தான் அவரை மீட்டது. 2013-ல் வந்த "டாக்டர் ஸ்லீப்" நாவலில் டேனி பெரியவனாகி அவனும் குடிகாரனா ஆகிடறான். அப்புறம் மீண்டு வந்து, சாகக் கிடக்கிறவங்களுக்குத் துணையா இருக்கிறான்.

இப்ப என் கதை. நான் பயிற்சி மருத்துவரா இருந்தப்போ ஒரு ராத்திரி 5 வயசுப் பையனைக் கொண்டுவந்தாங்க. கை முறிவு. "கட்டில்லேர்ந்து விழுந்துட்டான் சார்"னு அம்மா சொன்னாங்க. பையன் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவோட கையையே பார்த்துட்டிருந்தான். எக்ஸ்ரேயில புது முறிவுக்குப் பக்கத்தில் பழைய முறிவு ஒட்டின தடம். ஏ.ஆர். புத்தகத்தில் "கட்டிலிலிருந்து விழுந்தது"ன்னு எழுதி, மாவுக்கட்டு போட்டு அனுப்பிட்டேன். ஒரு கேள்வி கூட கேட்கலை.

அன்னிக்கு எட்மண்ட்ஸ் நான்தான்.

குடிக்கிற அப்பா இருக்கிற வீட்டுக் குழந்தைங்க எல்லாருக்கும் கொஞ்சம் "ஷைனிங்" உண்டு. வாசல்ல பைக் ஸ்டாண்டு போடுற சத்தத்தை வச்சே இன்னிக்கு ராத்திரி எப்படிப் போகும்னு சொல்லிடுவாங்க. அது வரம் இல்லைங்க, பயம்.

சொன்ன கதையும் காயமும் பொருந்தலைன்னா இப்போ நான் பெத்தவங்களைத் தள்ளி நிக்க வச்சிட்டு, குழந்தைகிட்ட தனியா பேசுறேன். நீங்களும் பக்கத்து வீட்டில், வகுப்பில் அப்படி ஒரு குழந்தையைப் பார்த்தா 1098-க்கு கூப்பிடுங்க. இலவச அழைப்புதான்.

அந்தப் பையனுக்கு இப்போ பதினைஞ்சு வயசுக்கு மேல இருக்கும். நல்லா இருக்கணும்.