திருமுக்கூடல் ஆதுலசாலையும் மருத்துவச் சரிபார்ப்புப் பட்டியல்களும்

திருமுக்கூடல் ஆதுலசாலை என்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில் பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் தென்கரையில் 11ஆம் நூற்றாண்டில் இயங்கிய மருத்துவமனை ஆகும். இதற்கு வீரசோழன் என்று பெயர். ஆதுலர் என்பது நோயுற்றோரைக் குறிக்கும் பழைய சொல். இங்கு யார் பணிபுரிய வேண்டும், அவர்களுக்கு என்ன ஊதியம், எந்த மருந்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பவை அனைத்தும் கோயில் சுவரில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. இன்றைய மருத்துவமனைகளில் பயன்படும் சரிபார்ப்புப் பட்டியல்களோடும், அவற்றைக் கணினியில் இயக்கும் திறந்த மூல மென்பொருள்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க ஆவணம் இது.

அமைவிடம்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடம் ஆதலால் இவ்வூர் திருமுக்கூடல் எனப்பட்டது. வடகரையில் பழையசீவரம் மலையும் இலட்சுமி நரசிம்மர் கோயிலும் உள்ளன. தென்கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில் உள்ளது. பொங்கலை ஒட்டி நடைபெறும் பார்வேட்டை உற்சவத்தின்போது காஞ்சி வரதராசப் பெருமாள் பழையசீவரத்துக்கு எழுந்தருளுவதால், இரு கரை ஊர்களையும் பலர் அறிவர். கோயிலின் கல்வெட்டில் ஒரு மருத்துவமனையின் முழுக் கணக்கு இருப்பதை அறிந்தவர்கள் குறைவு.

கல்வெட்டு

இக்கல்வெட்டு வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கி.பி. 1068ஐ ஒட்டிய காலம் எனக் கொள்ளலாம். 1915இல் இது படியெடுக்கப்பட்டது. பின்னர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதனைப் பதிப்பித்து, எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் வெளியிட்டார். வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயைக் கொண்டு கோயில், வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்லூரி, மாணவர் விடுதி, ஆதுலசாலை ஆகியவற்றுக்கு ஆகும் செலவை இது வரையறுக்கிறது.

பணியாளரும் ஊதியமும்

ஆதுலசாலையில் 15 நோயாளிகள் தங்குவதற்கு இடம் இருந்தது. நோயாளி ஒருவருக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி ஒதுக்கப்பட்டது. பணியாளர்களின் ஆண்டு ஊதியம் வருமாறு:

- மருத்துவர்: 90 கலம் நெல்லும் 8 காசும்
- அறுவை மருத்துவம் செய்பவர்: 30 கலம் நெல்
- மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து செய்யும் இருவர்: 60 கலம் நெல்லும் 2 காசும்
- நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர்: 30 கலம் நெல்லும் 1 காசும்
- நாவிதர்: 15 கலம் நெல்
- தண்ணீர் கொண்டுவருபவர்: 15 கலம் நெல்

ஒரு கலம் 12 குறுணி. ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் மருத்துவருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணியும் அறுவை மருத்துவருக்கு ஒரு குறுணியும் கிடைக்கும். இரவில் எரியும் விளக்குக்கு நாள்தோறும் ஓர் ஆழாக்கு எண்ணெய் எனக் கணக்கிட்டு, ஆண்டுக்கு 45 நாழி ஒதுக்கப்பட்டது. இரவில் நோய் முற்றினால் நோயாளியைப் பார்ப்பதற்கு வெளிச்சம் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடாகவே இதைக் கருத வேண்டும்.

மருந்து இருப்பு

ஓர் ஆண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகள் பெயரும் அளவும் குறித்துக் கூறப்பட்டுள்ளன. வாசாரீதகி, கோமூத்திர அரீதகி, தசமூல அரீதகி ஆகிய கடுக்காய் மருந்துகள், பலவகைத் தைலங்கள், வில்வாதி நெய், கல்யாணக லவணம் முதலியவை அவற்றுள் அடங்கும். மாத்திரை வகைகள் எண்ணிக்கையாலும் தைலமும் நெய்யும் முகத்தல் அளவையாலும் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே, இருப்பு குறைந்தால் எண்ணியோ அளந்தோ கண்டுபிடித்துவிடலாம்.

தெற்கே உள்ள உத்திரமேரூரின் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இதனோடு எண்ணத்தக்கவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடியும் வாரியத்தில் சேரக் கூடாது என்று அவை விதித்தன. எழுதி வைத்த கணக்கை ஊரார் கேட்கலாம் என்ற மரபு இப்பகுதியில் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது.

தற்காலச் சரிபார்ப்புப் பட்டியல்

தற்காலச் சரிபார்ப்புப் பட்டியல் விமானத் துறையில் தோன்றியது. 1935இல் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய விமானம் ஒன்று, பூட்டு ஒன்றை விடுவிக்க மறந்ததால் விழுந்து நொறுங்கியது. அதன் பிறகு விமானிகள் ஒவ்வொரு படியையும் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கத் தொடங்கினர்.

மருத்துவத்தில் உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 குறிப்புகள் கொண்ட அறுவை சிகிச்சைப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன்பு நோயாளி யார், எந்தப் பக்கம் அறுவை, ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும். கத்தி வைப்பதற்கு முன்பு குழுவினர் தம் பெயரையும் பொறுப்பையும் கூற வேண்டும். நோயாளி அறையை விட்டுச் செல்லும் முன்பு பஞ்சும் கருவிகளும் எண்ணப்பட வேண்டும். புது தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் அதுல் கவாண்டேயும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. அதில் இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

ஆயினும் எல்லா இடத்திலும் இதே பலன் கிடைக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில் பாதுகாப்பான மகப்பேற்றுப் பட்டியலைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2017இல் வெளியானது. செவிலியரும் மருத்துவரும் நல்ல நடைமுறைகளைக் கூடுதலாகப் பின்பற்றினர். ஆனால் தாய், சேய் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. பயிற்சி தருவோரின் வருகை நின்ற பின்பு நடைமுறைகளைப் பின்பற்றுவதும் சற்றுக் குறைந்தது.

திறந்த மூல மென்பொருள்

காகிதப் பட்டியல் தொலைந்து போகலாம், பார்க்காமலேயே குறியிடவும்படலாம். இக்குறைகளைக் குறைப்பதற்கு மருத்துவப் பதிவு மென்பொருள்கள் உதவுகின்றன. ஒவ்வாமை பதிவாகியிருக்கும் நோயாளிக்கு அந்த மருந்தை எழுதினால் எச்சரிக்கவும், தவறான அளவைச் சுட்டிக்காட்டவும், பழைய ஆய்வு முடிவைக் கண்முன் காட்டவும் அவற்றை அமைக்க முடியும்.

இவற்றுள் 2004இல் தொடங்கிய ஓப்பன் எம்.ஆர்.எஸ்., அதன்மீது கட்டப்பட்ட பாம்னி, குனு எல்த் ஆகியவை திறந்த மூல மென்பொருள்கள். பாம்னி சத்தீசுகரில் பிலாசுப்பூருக்கு அருகே கனியாரி என்னும் சிற்றூரில் ஜன் ஸ்வாஸ்த்ய சகயோக் நடத்தும் மருத்துவமனையின் தேவையை ஒட்டி உருவாயிற்று. உரிமக் கட்டணம் இல்லாததால் சிறிய மருத்துவமனைகளும் இவற்றைப் பயன்படுத்த முடியும். மூல நிரல் யாவரும் காணும்படி இருப்பதால் பிழையைக் கண்டவர் திருத்தலாம். தமிழில் தேவைப்படும் குறிப்புகளையும் சேர்க்கலாம். எனினும் பராமரிக்கத் தெரிந்தவரும் தடையற்ற மின்சாரமும் இல்லாத இடத்தில் இவை நெடுநாள் நிலைப்பதில்லை.

ஒப்பீடு

திருமுக்கூடல் கல்வெட்டு, சிகிச்சையின்போது மருத்துவர் செய்ய வேண்டியதைக் கூறவில்லை. சிகிச்சைக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்பதையே கூறுகிறது. இன்றைய பட்டியல்கள் செய்ய வேண்டியதைக் கூறுகின்றன. மருந்தும் ஆளும் விளக்கும் ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. உத்தரப் பிரதேச ஆய்வு, பட்டியல் தனியாக உயிரைக் காப்பதில்லை என்று காட்டுகிறது. இரவு விளக்குக்கும், தண்ணீர் சுமப்பவரின் கூலிக்கும், அவற்றுக்கு வேண்டிய வருவாய்க்கும் சேர்த்துக் கணக்கு எழுதிய கல்வெட்டை இன்றைய மருத்துவமனைத் திட்டங்களை வகுப்போரும் ஒருமுறை படிப்பது பயன் தரும்.