கண்ணைக் கட்டிய பையன்கள்

சென்ற மாதம் பரணை ஒழித்தபோது ஒரு கறுப்புக் கண்கட்டு கிடைத்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, பின்னால் எலாஸ்டிக் போட்டது. என் மனைவி அதை உதறிப் பார்த்துவிட்டு, "இது இருபத்தஞ்சாயிரம் ரூபாய்த் துணியாச்சே, பத்திரமா வையுங்க" என்றாள். பத்து வருஷத்துக்கு மேலாகியும் அவள் அதை மறக்கவில்லை. எனக்கும் மறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

2014-இல் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒன்பது வயது. ஒரு இடத்தில் உட்கார மாட்டான். நோட்டைத் திறந்தால் பென்சிலைத் தேடுவான். பென்சில் கிடைத்தால் நோட்டை விட்டுவிட்டுச் சீவ ஆரம்பிப்பான். பள்ளியிலிருந்து வாரம் ஒரு கடிதம். பிள்ளைகளை அடிக்கிறான் என்று ஒரு வாரம், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அடுத்த வாரம். மகள் இரவில் போன் செய்து அழுவாள். அந்தச் சமயத்தில்தான் நடுமூளையைத் தூண்டிவிடும் பயிற்சி என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். கவனம் கூடும், ஞாபகசக்தி பெருகும், முரட்டுத்தனம் அடங்கும். இதற்கெல்லாம் அத்தாட்சியாகப் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே புத்தகம் படிக்கும் என்றார்கள். மகள் தயங்கினாள். நான்தான், "பணத்தைப் பத்தி நீ கவலைப்படாதேம்மா" என்று அகவிலைப்படி நிலுவையில் வந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு சிறிய மண்டபத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வகுப்பு. காதில் மாட்டி ஏதோ இசை, கொஞ்சம் மூச்சுப்பயிற்சி, ஆட்டம் பாட்டம். கடைசியில் பெற்றோரை உள்ளே விட்டுக் காட்டினார்கள். பேரன் கண்ணைக் கட்டிக்கொண்டு அட்டையை மூக்கருகில் வைத்து முகர்ந்து, "சிவப்பு" என்றான். சிவப்புத்தான். என் சட்டைப்பையிலிருந்த பேனாவை வாங்கி, "பச்சை மூடி" என்றான். நான் எழுந்து நின்று கை தட்டினேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்பு பார்த்தவன், ஒவ்வொரு ரசீதையும் திருப்பிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன், அன்றைக்கு எதையும் திருப்பிப் பார்க்கவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து நான் படித்த ஒரு பழைய அறிக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பிரெஞ்சு வழியில் படித்ததால் உத்தியோகத்தில் எனக்குப் பெரிய லாபம் எதுவும் கிடைத்ததில்லை. பழைய பத்திரம் எதையாவது தூக்கிக்கொண்டு வந்து, "சார், இதுல என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் படிப்பு உதவுகிறது. பிரான்ஸ் தேசிய நூலகம் பழைய புத்தகங்களையெல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறது. காசில்லாமல் படிக்கலாம். அப்படிக் கண்ணில் பட்டதுதான் 1784-ஆம் வருஷத்து அறிக்கை. பதினாறாம் லூயி மன்னர் நியமித்த குழுவினர், மிருக காந்தம் என்ற சிகிச்சையைச் சோதித்து எழுதியது.

மெஸ்மர் என்ற மருத்துவர் 1778-இல் வியன்னாவிலிருந்து பாரிசுக்கு வந்தார். உலகம் முழுக்க ஒரு நுண்ணிய திரவம் பரவியிருக்கிறது, அது உடம்பில் சரியாக ஓடாவிட்டால் நோய், அதை நான் சரியாக ஓடவைக்கிறேன் என்றார். பெரிய மரத்தொட்டி, அதற்குள் தண்ணீரும் குப்பிகளும், மூடியிலிருந்து வளைந்து நிற்கும் இரும்புக் கம்பிகள். நோயாளிகள் சுற்றி உட்கார்ந்து கம்பியை வலிக்கிற இடத்தில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் மெல்லிய இசை. ஒருவர் நடுங்குவார், ஒருவர் சிரிப்பார், ஒருவர் விழுந்து துடிப்பார். எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் உடுக்கை சத்தத்துக்கு ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பாரிசுச் சீமாட்டிகளுக்குப் புதிது. கூட்டம் அலைமோதியது.

மன்னரின் குழுவில் அறிவியல் அகாதமியிலிருந்து ஐவர், மருத்துவப் பேராசிரியர்கள் நால்வர். ரசாயன மேதை லவோசியே, வானியல் அறிஞர் பாயி, மருத்துவர் கியோத்தேன் எல்லோரும் உண்டு. பத்து வருஷத்துக்குள் லவோசியே, பாயி இருவர் தலையும், கியோத்தேனின் பெயரை வைத்துக்கொண்ட அந்த இயந்திரத்தில் போயிற்று என்பது தனிக்கதை. மூத்தவர், அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின். 78 வயது. கல்லடைப்பு நோயால் வண்டியில் போக முடியாது என்பதால் சோதனைகளில் சில பஸ்ஸியில் அவர் வீட்டிலேயே நடந்தன. மெஸ்மர் ஒத்துழைக்க மறுத்துவிட்டார். அவருடைய சீடர் தெஸ்லோன்தான் செய்து காட்டினார்.

தெஸ்லோன் தோட்டத்தில் ஒரு ஆப்ரிகாட் மரத்தைத் தேர்ந்து அதற்குக் காந்தம் ஏற்றினார். அந்த மரத்தைத் தொட்டால் உணர்ச்சியுள்ள எவருக்கும் உடம்பில் தெரியும் என்றார். தொட வேண்டியவனையும் அவரே அழைத்து வந்தார்: பன்னிரண்டு வயதுப் பையன், காந்தத்துக்கு மிக நன்றாக இணங்குகிறவன். மரத்துக்குக் காந்தம் ஏற்றும்போது பையனை வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். பிறகு கண்ணைக் கட்டி அழைத்து வந்து, காந்தம் ஏற்றாத மரங்களை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். முதல் மரத்தில் வியர்த்தது, இருமினான், தலை வலிக்கிறது என்றான். இரண்டாவதில் கிறுகிறுத்தது. மூன்றாவதில் இன்னும் அதிகம். நெருங்கிவிட்டேன் போலிருக்கிறது என்றான். நான்காவது மரத்தில் கைகால் விறைத்து மயங்கி விழுந்தான். புல்தரையில் தூக்கிப் போட்டுத் தெஸ்லோன்தான் தெளிவித்தார். நிஜமான ஆப்ரிகாட் மரம் அங்கிருந்து சுமார் 24 அடி தள்ளி நின்றுகொண்டிருந்தது.

தெஸ்லோன் விடவில்லை. தோட்டத்து மரங்கள் எல்லாவற்றிலும் இயற்கையாகவே காந்தம் உண்டு என்றார். அப்படியானால் உணர்ச்சியுள்ள எவரும் தோட்டத்தில் நடமாடினாலே வலிப்பு வந்துவிடுமே என்று குழுவினர் எழுதியிருக்கிறார்கள். தணிக்கைக் குறிப்பு எழுதத் தெரிந்தவர்கள்.

அதே வீட்டில் வேறு ஏழை நோயாளிகளையும் சோதித்தார்கள். அவர்களில் ஆறு வயதுப் பையன் ஒருவன். கைகால் தன்னிச்சையாக உதறிக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. தெஸ்லோன் எவ்வளவோ முயன்றும் இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார்கள். பட்டுக் குப்பாயம் போட்ட அத்தனை பெரிய மனிதர்களும் சுற்றி நின்று குனிந்து பார்க்கும்போது, ஒன்பது வயதில் அப்படிச் சொல்ல என்ன துணிச்சல் வேண்டும்!

இதெல்லாம் கற்பனையின் வேலை, அப்படியொரு திரவமே இல்லை என்று குழு ஆகஸ்டு மாதம் அறிக்கை கொடுத்தது. நோயாளிகள் நடிக்கிறார்கள் என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அந்தப் பையன் விழுந்தது நிஜம். வியர்த்தது நிஜம். பிராங்க்ளினின் பேரன் பெஞ்சமின் பாஷ், 14 வயதுப் பையன், அப்போது அந்த வீட்டில் இருந்தான். குழுவினர் வந்ததையும் மரங்களுக்குக் காந்தம் ஏற்றியதையும் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறான். விழுந்தவனுக்கும் எழுதியவனுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்.

இந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த மண்டபம் ஞாபகம் வந்தது. பஸ்ஸியில் கண்ணைக் கட்டியது சிகிச்சையைச் சோதிக்க. நான் பணம் கட்டிய இடத்தில் கண்ணைக் கட்டியது சிகிச்சையை விற்க.

அதற்குள் அந்த வித்தையின் குட்டும் வெளிப்பட்டிருந்தது. மங்களூர்ப் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் பல இடங்களில் இதை விளக்கினார்கள். மூக்குத்தண்டின் இரு பக்கமும் துணி ஒட்டாமல் இடுக்கு விழும். அதன் வழியாகக் கீழே பார்க்கலாம். அதனால்தான் அட்டையை மூக்கருகில் வைத்து முகரச் சொல்கிறார்கள். அதே அட்டையை நெற்றிக்கு மேலே பிடித்தால் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. நடுமூளை என்பது யாரோ வந்து தூண்டிவிடக் காத்துக்கொண்டிருக்கும் உறுப்பும் அல்ல. கண் அசைவுக்கும் கேட்பதற்கும் விழித்திருப்பதற்கும் அது பிறந்த நாளிலிருந்து ஓயாமல் வேலை செய்கிறது.

நான் ஒன்றும் மருத்துவத்தை மட்டும் நம்பி வளர்ந்தவன் அல்ல. 1958-இல் வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பையன் நான்தான். பிரெஞ்சில் வினைச்சொல் ஒப்பிக்கச் சொன்னால் பாதியில் எழுந்து நிற்பேன். "புள்ள எங்கேயோ பயந்திருக்கான்" என்று ஆயா என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பெரியவர் ஒருவரிடம் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வேப்பிலை அடித்தார்கள். தாயத்தும் கட்டினார்கள். எதனாலும் நான் உட்காரவில்லை. ஆனால் போகவர ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததும், வழியில் வாங்கித் தந்த பொட்டுக்கடலையும் இன்னும் நினைவிருக்கின்றன. முக்கியமாக, குணமாகிவிட்டதாக நான் யாரிடமும் நடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

பிரான்சுக்கே திரும்புகிறேன். அறிக்கை வந்ததோடு காந்தம் செத்துவிடவில்லை. மெஸ்மரின் சீடர்களில் புய்செகூர் மார்க்கி என்று ஒரு பிரபு. பீரங்கிப் படை அதிகாரி. சுவாசோனுக்கு அருகே பியுசான்சி கிராமத்தில் நிலபுலன் உள்ளவர். தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊர்நடுவில் இருந்த எல்ம் மரத்தடியில் குடியானவர்களை உட்கார வைத்து வைத்தியம் பார்த்தார். காசு வாங்கவில்லை. அவர் கையில் மக்கள் துடிக்கவில்லை, அமைதியாகத் தூங்கினார்கள், தூக்கத்திலேயே பேசினார்கள். பிற்காலத்தில் ஹிப்னாடிசம் என்று பெயர் பெற்றதற்கு அதுதான் தொடக்கம்.

புரட்சியில் சிறைக்குப் போய் மீண்ட அந்த மனிதரிடம் வந்து சேர்ந்தவன் அலெக்சாந்தர் எபேர். பன்னிரண்டரை வயது. கட்டுக்கடங்காத ஆத்திரம் வரும். வந்தால் யாராலும் பிடிக்க முடியாது. மார்க்கிக்கு அப்போது அறுபது வயது. அவர் அந்தக் குடியானவப் பையனை விட்டு இரவும் பகலும் பிரியாமல் ஆறு மாதம் கூடவே இருந்தார். 1812-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவர் காந்த சிகிச்சையைத்தான் கடைசிவரை நம்பினார். ஆத்திரக்காரப் பிள்ளையோடு ஆறு மாதம் இருந்தவர் என்ன நம்பியிருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கவே நாம் ஆள் தேடிப் பணம் கட்டுகிறோம்.

1880-களில் பாரிசில் பெரியோன் என்ற மருத்துவர் வந்தார். நகம் கடிப்பது, விரல் சூப்புவது, படுக்கையை நனைப்பது, பொய், திருட்டு, சோம்பல் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்திப் புத்தி சொன்னார். பள்ளிக்கூடங்களுக்கே இது பயன்படும் என்று வாதாடினார். இதே மனிதர் முதல் உலகப் போர் சமயத்தில், ஜெர்மானியர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மலம் கழிக்கிறவர்கள் என்று ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். பிள்ளைகளை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று பெற்றோர் விசாரிக்க வேண்டியிருப்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்குப் பிறகும் பள்ளியிலிருந்து கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. மகள் வேலையிலிருந்து வர இரவாகும் என்பதால் மாலையில் நான் போய் உட்கார ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் கணக்கு, பிறகு தெருமுனைவரை ஒரு நடை, மறுபடி பத்து நிமிஷம். குழந்தை மருத்துவர் ஒருவரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். ஏழாம் வகுப்புக்குள் ஓரளவு நிதானப்பட்டான். எதனால் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். வயதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போன வாரம் வந்திருந்தான். இப்போது இருபது வயது, சமையல்கலை படிக்கிறான். நாலு அடுப்பை ஒரே சமயத்தில் பார்த்துக்கொள்வானாம். கண்கட்டை எடுத்து அவன் முன்னால் போட்டேன். சிரித்தான்.

"மூக்குப் பக்கத்துல தெரியும் தாத்தா. முதல் நாளே தெரிஞ்சுது. எல்லாப் பசங்களுக்கும் தெரியும்."

"பின்னே ஏன்டா சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க எழுந்து நின்னு கை தட்டினீங்க. அம்மா அழுதாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?" கொஞ்சம் பேசாமல் இருந்தான். "எனக்கு மட்டும்தான் சரியா வரலை, மத்தவங்களுக்கெல்லாம் நிஜமாவே வருதுன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தேன் தாத்தா."

எனக்குப் பேச்சு வரவில்லை. என் மனைவிதான் உள்ளேயிருந்து வந்து, அந்தத் துணியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த மாதம் திருப்பதிக்கு இரவு பஸ்ஸில் போகிறோம். விளக்கு வெளிச்சத்தில் அவளுக்குத் தூக்கம் வராது.